ஹவ்வா மகளின் பக்கத்து வீட்டுக்காரர்கள்

காரைக்கால் பக்கம் கல் கிடையாது. தோண்டினால் வண்டல், இன்னும் தோண்டினால் களிமண், அதற்கும் கீழே போனால் உப்புத் தண்ணீர். அம்மிக்குக்கூடக் கல் மேற்கேயிருந்து லாரி ஏறி வந்தாக வேண்டும். உயரம் என்று சொல்லிக்கொள்ள ஊரில் இருப்பவை கோபுரம், மினாரா, அதற்கடுத்தபடியாக வேகத்தடை. இப்பேர்ப்பட்ட சமதரையில் பிறந்து வளர்ந்த காஜா நஜ்முதீனைத்தான், ஒரு மலையை உடைத்துத் தூளாக்கும் இடத்துக்கு ஏஜெண்ட் அனுப்பிவைத்தார். மலையையே பார்த்திராதவனுக்கு அதன்மேல் பாசம் எங்கிருந்து வரப்போகிறது என்று அவர் நினைத்திருக்கலாம். ஏஜெண்டுகள் நினைப்பது எப்போது சரியாக இருந்திருக்கிறது?

உண்மையைச் சொன்னால் நஜ்முதீன் மலையை உடைக்கவில்லை. உடைத்தவர்களுக்குச் சோறு ஆக்கினார். ராசல்கைமா மலையடிவாரத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி, அதன் ஓரமாகத் தகரக் கொட்டகைகள் போட்ட கேம்ப், அந்தக் கேம்புக்கு ஒரு மெஸ், மெஸ்ஸுக்கு ஒரு நஜ்முதீன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

இப்போது அவர் திருமலைராயன்பட்டினத்தில் பண்டாரி. கல்யாணமா, கந்தூரியா, வீடு குடிபுகுதலா, பிரியாணிச் சட்டி எங்கே ஏறினாலும் பக்கத்தில் அவர் இருப்பார். வயது அறுபதுக்கு மேல். எவ்வளவு மேல் என்பதில் ஆதார் அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மனைவி கமருன்னிசாவுக்கும் ஒருமித்த கருத்து இல்லை. அவருடைய பிரியாணியைச் சாப்பிட ஊரே ஆசைப்படும். ஆனால் அதற்கு ஒரு தண்டனை உண்டு. சட்டியைத் தம் போட்டு மூடி, மூடியின்மேல் தணலை அள்ளிப் போட்டதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து குகைக் கதையை ஆரம்பித்துவிடுவார். கதை முடியும்வரை மூடி திறக்காது. அவசரப்படுத்தினால் கதை இன்னும் நீளும். பசியோடு நிற்பவர்களுக்கு வேறு வழியில்லை, "அப்புறம் என்ன பாய் ஆச்சு?" என்று கேட்டே ஆக வேண்டும்.

இந்த முறையில் காரைக்காலில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியும். நம்பியவர் ஒருவரும் இல்லை. கூட வேலை பார்த்த சஃபியுல்லாவே நம்பியதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சஃபியுல்லா அந்தக் குவாரியில் டம்பர் ஓட்டியவர், இன்றைக்கு பஸ் நிறுத்தத்துப் பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர், பிறவியிலேயே எதிர்க்கட்சி. நஜ்முதீன் கிழக்கு என்றால் அவர் மேற்கு என்பார். நஜ்முதீன் மேற்குக்கு இறங்கி வந்தால், "நான் எப்பொ மேற்குன்னு சொன்னேன்?" என்பார். சட்டிக்கு விறகு தள்ளும் சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து கதையின் ஒவ்வொரு வரியையும் திருத்துவார்.

கோட்டுச்சேரியில் ஒரு கல்யாண வரவேற்பு. தணல் போட்டாகிவிட்டது. கதை ஓடிக்கொண்டிருக்கிறது.

"குகைக்குள்ள ஒரு கல்சட்டி கெடந்துச்சு. கையளவுதான். கருப்புப் பச்சையா வழவழன்னு இருக்கும். நான் அதுல உப்பு போட்டு வெச்சிருந்தேன்."

"பச்சையெல்லாம் இல்லை, சாம்பல் நிறம்" என்றார் சஃபியுல்லா.

காலித் தட்டோடு நின்றிருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். "பாய், அந்தச் சட்டியில ஏதாவது கோலம் மாதிரி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. சின்னச் சின்ன வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கு நடுவுலயும் ஒரு புள்ளி. வாய்ப்பக்கம் சுத்திவர அப்படியே ரெண்டு வரிசை."

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "அந்தச் சட்டி இப்பொ எங்கே?"

"என்ஜினியர் கேட்டாரு, குடுத்துட்டேன். சிகரெட்டுச் சாம்பல் தட்டுறதுக்குத் தோதா இருக்குன்னாரு."

அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். நஜ்முதீனின் கதைக்குச் சிரித்தவர்கள் உண்டு, கொட்டாவி விட்டவர்கள் உண்டு, தலையில் கை வைத்தவர் இவள்தான் முதல். அந்தச் சந்தோஷத்தில் அவர் மூடியைத் திறக்க மறந்தார். அன்றைக்குப் பிரியாணி அடிப்பிடித்தது. மாப்பிள்ளை வீட்டார் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அவள் பெயர் ஓவியா. கோட்டுச்சேரிப் பெண்தான். தொல்லியல் படித்துவிட்டு, நஜ்முதீன் சோறாக்கிய அதே நாட்டில் பழங்காலத்துக் கல்லறைகளை ஆராயும் ஒரு குழுவில் வேலை. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். எப்போதோ அந்த மலையில் அலைந்த ஒரு வெள்ளைக்கார நிலவியல்காரர் தன் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, 'குகை, தரையில் பானை ஓடுகள்' என்று குறித்துவிட்டுப் போயிருக்கிறார். இவர்கள் குழு அந்தப் புள்ளியைத் தேடிக்கொண்டு போனபோது குகை இல்லை. குகை இருந்த மலையும் இல்லை. ஆகாயம் இருந்தது.

"அந்தக் குகைக்குள்ள போயிட்டு வந்த ஆளு உலகத்துல யாரும் இல்லைன்னு நெனச்சோம் பாய். நீங்க கோட்டுச்சேரியில பிரியாணி செஞ்சிட்டிருக்கீங்க."

*

அந்தக் குகை திறந்துகொண்டது ஒரு காலை வெடியில். புழுதி அடங்கியதும் பாறை முகத்தில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வாய் தெரிந்தது. அதிலிருந்து காற்று வந்தது, சில்லென்ற காற்று. வெளியே வெயிலில் தகரம் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும் மாதம் அது. உள்ளே யாரும் போகக் கூடாது என்று என்ஜினியர் கண்டிப்பாகச் சொன்னார். அதனால் மத்தியானத்துக்குள் எல்லாரும் போய்விட்டார்கள்.

அந்தக் குளிர்ச்சியை நஜ்முதீன் எத்தனையோ முறை விவரிக்கப் பார்த்திருக்கிறார். மகன் அபுதாபியிலிருந்து பணம் அனுப்பி வீட்டில் ஏசி மாட்டியிருக்கிறான். அதன் அடியில் உட்கார்ந்துகொண்டு, "இது குளிரு. அது குளிர்ச்சி" என்பார். கமருன்னிசா, "ரெண்டுக்கும் கரண்ட் பில்லுதான் வித்தியாசம்" என்பாள். ஆனால் அந்தக் குகையில் முதுகு சாய்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் சுவர் ஈரமாக, பால் நிறத்தில், விரலால் தொட்டால் மாவாக ஒட்டும். எங்கோ உள்ளே ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டுக்காகக் காத்திருக்கும்போதே தூக்கம் வந்துவிடும். குவாரி படிபடியாக வெட்டிக்கொண்டு போகும் மேடைகளில் அந்த மேடைக்கு வெடி வைக்கும் முறை வரும்வரை ஒரு பருவம் முழுக்க அதுதான் கேம்பின் மத்தியான வீடு. நஜ்முதீன் சோற்றுப் பாத்திரத்தைத் தோளில் வைத்து மேலே ஏறுவார். அங்கேயே சாப்பாடு, அங்கேயே லுஹர் தொழுகை, அங்கேயே அரைமணி நேரத் தூக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே ரிஃபாய் பாடுவான்.

ரிஃபாய் இவர் தெருவுக்கு அடுத்த தெரு. பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெப்பையின் மகன். ஓதுகிற பள்ளியிலிருந்து ஓடிப்போய், ஓடிய ஓட்டத்தில் பாறையில் துளை போடும் மெஷின் வரைக்கும் வந்து சேர்ந்தவன். ஓதியது பாதி என்றாலும் தொண்டை முழுசு. பைத்துப் பாட்டு எடுத்தான் என்றால் குகை அதை வாங்கி ஒரு மூச்சு தாமதமாகத் திருப்பிக் கொடுக்கும். உள்ளே யாரோ ஒருவர் கூடவே பின்பாட்டுப் பாடுவதுபோல இருக்கும். "நானா, உள்ள நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்" என்று நஜ்முதீனை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொல்வான் சிரித்துக்கொண்டே. கல்யாணம் முடிந்து நாற்பதாம் நாள் விமானம் ஏறியவன். மனைவி மர்யம் பெயர் பேச்சில் வந்துவிட்டால் காது சிவந்துவிடும்.

அவன் சொன்னது பொய்யில்லை. உள்ளே ஆள் இருந்தது.

அதற்கு முன்னால் மற்றவற்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஓவியா மிகவும் நொந்துபோனது அங்கேதான். முதல் வேலையாகக் குகையைக் கூட்டிச் சுத்தம் பண்ணினார்கள். படுக்கிற இடம், தொழுகிற இடம், குப்பை இருக்கலாமா? ஓட்டுச் சில்லுகள், சிப்பிகள், கருகிய எலும்புகள் எல்லாம் துடைப்பத்தால் தள்ளப்பட்டு வாய்வழியாகக் கீழே போயின. கல்சட்டி உப்புக்கு வந்தது. பிறகு சாம்பலுக்குப் போனது. சிப்பியில் அறுத்த பாசிமணிகள் கொஞ்சம் கிடைத்தன. பக்ரீதுக்கு வாங்கிக் கட்டியிருந்த ஆட்டுக்கு யாரோ அதைக் கோத்து மாலையாகப் போட்டார்கள். ஆடு ஒரு வாரம் மிகுந்த கௌரவத்தோடு உலாவியது. அப்படிப்பட்ட மாலை போட்டுக்கொண்டு குர்பானி ஆன ஆடு இன்னொன்று இருக்க முடியாது என்று ஓவியா பிற்பாடு சொன்னாள். பச்சையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்த ஒரு பெரிய சிப்பியை மருந்து என்று முடிவு செய்து, சஃபியுல்லா எண்ணெயில் குழைத்து முழங்காலில் பூசிக்கொண்டார். "கேட்டுச்சா?" என்று ஓவியா கேட்டாள். "ரெண்டு நாளைக்குக் கேட்டுச்சு" என்றார் அவர். "ஒரு நாளைக்கும் கேக்கலை" என்றார் நஜ்முதீன்.

உள்ளே கடைசியில் ஓர் ஒடுக்கமான மாடம் இருந்தது. ரிஃபாய்தான் தீக்குச்சி வெளிச்சத்தில் பார்த்தான். எலும்புகள். ஒருக்களித்து, முழங்காலை மார்போடு சேர்த்து, கையைக் கன்னத்துக்கடியில் கொடுத்து, குளிரில் தூங்குகிற பிள்ளைபோலக் கிடந்தது. அடுத்த சொட்டு விழுந்தது.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று தெரியாது. பயந்து ஓடியிருக்கலாம், போலீசுக்குச் சொல்லியிருக்கலாம், படித்தவர்களாக இருந்தால் படம் எடுத்திருக்கலாம். பட்டினத்துக்காரர்களுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். மையத்து அடக்காமல் கிடக்கிறது.

"நாம அதுக்குப் பக்கத்துல உக்காந்து சோறு தின்னுருக்கோம்" என்றான் ரிஃபாய். "அடக்கிரணும் நானா."

"முஸ்லிமான்னே தெரியாது. எந்தக் காலத்து ஆளோ" என்றார் சஃபியுல்லா.

"எந்த நபியோட காலமோ, அந்த நபியைச் சேந்த உம்மத்துன்னு வெச்சுக்குவோம். நபி இல்லாத காலம் இருந்துச்சா?"

ஓடிப்போன லெப்பை மகனுக்கு இந்தப் பதில் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. எதிர்க்கட்சியும் மண்வெட்டி தேடப் புறப்பட்டது.

அடுத்த சிக்கல் உடலைச் சுற்றும் கபன் துணி. ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து. எலும்பைப் பார்த்து எப்படிச் சொல்வது? அந்தப் பாலைவனத்தில் பாறையின்மேல் உட்கார்ந்து அவர்கள் நடத்திய விவாதத்தைப் போல ஒன்று எந்தச் சட்டசபையிலும் நடந்திருக்காது. கடைசியில், கூடுதலாகச் சுற்றினால் ஆணுக்குக் குறை ஒன்றுமில்லை, குறைத்தால் பெண்ணுக்கு அவமரியாதை என்று ரிஃபாய் தீர்ப்புச் சொன்னான். ஐந்து. துணிக்கு எங்கே போவது? நஜ்முதீனின் பெட்டியில் ஒரு வெள்ளைத் துணிக்கட்டு இருந்தது. ஜப்பான் மல். வெளியே போகும்போது போர்த்திக்கொள்ளும் துப்பட்டிக்காகக் கமருன்னிசா கடிதம் கடிதமாகக் கேட்டு, அவர் துபாய் வரை போய் வாங்கி வைத்தது. ரிஃபாய் அவரைப் பார்த்தான். அவர் பெட்டியைத் திறந்தார்.

கேம்புக்குக் கீழே, ஓடை வறண்டு கிடந்த மணல்மேட்டில் கபருக்குக் குழி வெட்டினார்கள். மடங்கிக் கிடந்த எலும்புகளை நேராக நீட்டி வைத்து, மக்காவை நோக்கிய கிப்லாப் பக்கம் முகம் திருப்பி, மண் தள்ளினார்கள். கபருக்கு அருகில் உட்கார்ந்து தல்கீன் ஓத வேண்டும். அதில் இறந்தவரைத் தாயின் பெயர் சொல்லி அழைப்பது வழக்கம். தாய் பெயர் தெரியாவிட்டால் ஆதித்தாய் ஹவ்வாவின் பிள்ளை என்று அழைக்கலாம், எல்லாரும் அவள் பிள்ளைகள்தானே. ரிஃபாய் ஒருமுறை "ஹவ்வாவின் மகனே" என்று அழைத்தான். பிறகு யோசித்துவிட்டு, "ஹவ்வாவின் மகளே" என்றும் அழைத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று.

அந்த மணல்மேட்டில் முதல் கபர் அதுதான். இரண்டாவது ரிஃபாயுடையது.

மருந்து வெடிக்காமல் தங்கிவிட்ட ஒரு துளை. அது தெரியாமல் அதன்மேல் மெஷினை வைத்திருக்கிறான். அனுப்பிவைக்கும் நிலையில் உடம்பு இல்லை என்று கம்பெனி சொன்னது. ஊரிலிருந்து சம்மதம் சொல்லித் தந்தி வர, இவர்களே தூக்கிக்கொண்டு போய், ஹவ்வாவின் பிள்ளைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். அப்போது தல்கீன் ஓத ஆளில்லை. தெரிந்தவரைக்கும் நஜ்முதீன் ஓதினார். அதன்பிறகு ஒரு பெஷாவர் லாரிக்காரர், ஒரு மலையாளத்துக் கொத்தனார், வயதான வாட்ச்மேன் ஒருவர் என்று வரிசை கொஞ்சம் நீண்டது. பெயர் எழுதிய கல் எதற்கும் இல்லை. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்றென்று குவாரிக் கல். அதற்கு மட்டும் அங்கே பஞ்சமில்லை.

குகை இருந்த மேடைக்கு முறை வந்தது. ஒரே காலைப்பொழுது. பால் நிறச் சுவரும் சொட்டும் பின்பாட்டும் டம்பரில் ஏறி, கிரஷரில் அரைபட்டு, கப்பலில் போயின. எந்த ஊரில் யார் வீட்டுச் சுவராக நிற்கிறதோ. காரைக்காலுக்கே வந்து சேர்ந்திருந்தாலும் யார் கண்டது.

*

ஓவியா பட்டினத்துக்கு வந்தது ஒரு சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்த நேரம். கையில் மடிக்கணினி. வீட்டில் கமருன்னிசா அவளை உட்காரவைத்து, வட்டிலப்பம் வைத்து, விசாரணையைத் தொடங்கினாள்.

"கோட்டுச்சேரியில யாரு வீடும்மா? கல்யாணம் ஆச்சா? சரி, அதை விடு. அந்தக் குகையில கெடந்தது ஆம்பளையா பொம்பளையா, நீயாவது சொல்லு. முப்பது வருஷமா இந்த மனுசனுக்குத் தெரியலை. என் துப்பட்டியத் தூக்கிக் குடுத்தவரு, யாருக்குக் குடுத்தோம்னு பாத்துக் குடுக்க வேண்டாமா?"

"எலும்பைப் பாக்காம உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா அந்தப் பச்சை ஒட்டின சிப்பி இருக்கே, அது அந்தக் காலத்துல கண்ணுக்கு மை குழைச்சு வெச்சுக்கறது. மணியும் பக்கத்துல இருந்திருக்கு. பொம்பளையா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நாலாயிரம் வருஷம் இருக்கலாம்."

கமருன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கண்ணுமையா? அதையா அந்த சஃபியுல்லா காலுல பூசிக்கிட்டான்?" கொஞ்சம் யோசித்தாள். "சரி, போவட்டும். பொம்பளைன்னா குடுத்தது குடுத்ததுதான். ஆம்பளைன்னா இன்னைக்கும் கேப்பேன்."

எலும்பை நேராக நீட்டி வைத்த கட்டம் வந்தபோது ஓவியா கண்ணை மூடிக்கொண்டாள். "அந்தச் சுருண்டு படுத்திருந்த விதந்தான் பாய் எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

"அத்தனை வருஷம் அப்படியே கெடந்தா முதுகு என்னத்துக்கும்மா ஆவும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மடிக்கணினியைத் திறந்து வானத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டினாள். நஜ்முதீனுக்கு ஒன்றும் புரியவில்லை. மலை இருந்த இடத்தில் படிப்படியாக இறங்கும் பெரிய வெள்ளைக் குழி. கேம்ப் இல்லை. மெஸ் இல்லை. ஓடை மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. அதை வைத்துக் கண்ணை ஓட்டி, மணல்மேட்டைக் கண்டுபிடித்துவிட்டார். ஓவியாவிடம் சொல்லவில்லை. சிவப்புக் கோடு ஒன்று அந்த மேட்டையும் உள்ளே வளைத்துக்கொண்டு போனது.

"இதென்ன சிவப்பா?"

"இதுவரைக்கும் வெட்ட அனுமதி கேட்டிருக்காங்க. வர்ற வருஷத்துக்குள்ள இது பூரா குவாரி. குகையிலேர்ந்து மிச்சம் இருக்கறது நீங்க அடக்கம் பண்ணின அந்த ஒரு ஆளுதான் பாய். எங்கேன்னு காட்டினீங்கன்னா அரசாங்கத்துக்கிட்ட சொல்லி வேலையை நிறுத்திடலாம். வேலி போட்டு, பக்குவமாத் தோண்டி எடுத்து, மியூசியத்துல..."

"தோண்டி எடுத்த பெறகு?"

"எடுத்த பெறகு... நெலத்தைத் திருப்பிக் குடுத்துருவாங்க. வேலை நடக்கும்."

"பக்கத்துல உள்ளவங்க?"

ஓவியா நிமிர்ந்தாள். "பக்கத்துல யாரு இருக்காங்க?"

நஜ்முதீன் சொன்னார். ரிஃபாய். லாரிக்காரர். கொத்தனார். வாட்ச்மேன்.

அவள் மடிக்கணினியைப் பாதி மூடினாள். "நம்ம கால ஆளுங்கன்னா எங்க சட்டத்துல வராது பாய். வேற எடத்துக்கு மாத்தி அடக்கம் பண்றது கம்பெனி பொறுப்பு."

கம்பெனி எப்படி மாற்றும் என்பது நஜ்முதீனுக்குத் தெரியும். மலையின் மறுபக்கம் பழைய கபர்கள் சிலவற்றை அது ஒரு காலையில் மாற்றியதைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பயன்படுத்திய மண்வெட்டும் இயந்திரத்தை ஓட்டியவன் அன்றைக்கு மெஸ்ஸுக்குச் சாப்பிட வரவில்லை.

ஆக விஷயம் இப்படி நின்றது. சொல்லாவிட்டால் ஹவ்வா மகளும் ரிஃபாயும் சேர்ந்தே சிமெண்டாகப் போவார்கள். சொன்னால் நாலாயிரம் வயதுக்காரி குளிர்சாதனப் பெட்டகத்துக்குப் போவாள், இருபத்தாறு வயதுக்காரன் கிரஷருக்குப் போவான். செத்துப்போனவர்களிலும் சீனியாரிட்டி பார்க்கிற உலகம்.

"யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார்.

"வெள்ளிக்கிழமை கிளம்புறேன் பாய். அதுக்குள்ள."

மறுநாள் காலை அடுத்த தெருவுக்குப் போனார். மர்யம் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாசலில் மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் புதுப்பெண்ணாக இருந்தது நாற்பது நாள். மீதியெல்லாம் ரிஃபாய் மனைவி. மறுமணம் பேசி வந்தவர்களை, "அவங்க அங்கே தனியாக் கெடக்கறாங்க, நான் மட்டும் என்ன" என்று திருப்பி அனுப்பியவள். கபரைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

நஜ்முதீன் சுற்றி வளைத்துப் பார்த்தார். முடியவில்லை. "மர்யம், யாராச்சும் வந்து ரிஃபாய் கபரைத் தோண்டணும், கையெழுத்துப் போடுன்னு கேட்டா போடுவியா?"

அவள் மீனைத் தட்டில் வைத்தாள். "கேக்கறது யாரு நானா?"

"யாரோ. அரசாங்கம்னு வெச்சுக்க."

"அவங்களே கபர்லேர்ந்து வந்து என்னை எழுப்புனாத்தான் போடுவேன்னு சொல்லுங்க." பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "என்ன நானா, அவங்களுக்கு ஏதும் ஆவப் போவுதா?"

"ஒண்ணும் ஆவாது" என்றார். சொன்ன பிறகுதான், அதை உண்மையாக்க வேண்டிய பொறுப்பு தன் தலையில் வந்து உட்கார்ந்தது அவருக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஓவியா வந்தபோது வீட்டில் சஃபியுல்லாவும் இருந்தார். நஜ்முதீன்தான் சாட்சிக்கு வேண்டும் என்று சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வயிறு நிறைந்த சஃபியுல்லா வழக்கத்தைவிட நேர்மையானவர்.

"காட்டறேம்மா" என்றார் நஜ்முதீன். படத்தில் ஓடையைத் தொட்டு, மணல்மேட்டைத் தொட்டு, "இங்கதான். ஒரே வரிசை. அஞ்சு கபர்" என்றார். சஃபியுல்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வரிசை விஷயத்தில் மறுப்பு வரவில்லை.

"அதுல எது அந்தக் குகைக்காரி பாய்?"

நஜ்முதீன் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார். "ஓடைப்பக்கம் மொதல்ல இருக்கறது."

"யாரு சொன்னா?" என்று நிமிர்ந்தார் சஃபியுல்லா. "ஓடைப்பக்கம் மொதல்ல இருக்கறது பெஷாவர்க்காரரு. இது கடைசி. மலைப்பக்கம்."

"நான் துணி குடுத்தவன்."

"நான் குழி வெட்டுனவன்!"

"அப்ப நடுவுல இருக்கறது ரிஃபாயா?"

"அது எப்படி? நடுவுல வாட்ச்மேன்."

"சரி, மலைப்பக்கம்தான்னு நீ சொன்னா இருக்கட்டும்."

"மலைப்பக்கம்னா கடைசின்னு அர்த்தமா? கடைசிக்கு முன்னாடி."

கமருன்னிசா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். புருஷன் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தவள், உள்ளே போய்விட்டாள். குடும்பம் நடத்திய அனுபவத்தில் அவளுக்கு அந்த முகம் தெரியும். மூடியைத் திறக்காமல் வைத்திருக்கும்போது வருகிற முகம்.

சண்டை ஓயும்வரை ஓவியா காத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பாய், எதுன்னு நெசமாவே ஞாபகம் இல்லையா?"

"வயசாச்சேம்மா."

"கல்சட்டியில வட்டம் எத்தனை வரிசைன்னு ஞாபகம் இருக்கு."

"சட்டி நம்ம தொழிலு."

அவள் அவரையே பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். சஃபியுல்லா மட்டும் விரலால் மேசையில் கோடு போட்டு, ஓடை எந்தப் பக்கம் என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொண்டிருந்தார்.

"எதுன்னு தெரியாம எதையும் தொட முடியாது" என்றாள் ஓவியா, சட்டப் புத்தகத்தை மனப்பாடம் சொல்வதுபோல. "மத்தவங்க குடும்பத்துச் சம்மதம் வேணும்."

"வாங்கிப் பாருங்க" என்றார் நஜ்முதீன். "ஒரு குடும்பத்துக்காக நான் சொல்றேன், கெடைக்காது."

"அப்ப தோண்டவும் முடியாது, விட்டுட்டுப் போவவும் முடியாது. மொத்த எடத்தையும்தான் வேலி போட்டுக் காப்பாத்தணும்."

"அடடா" என்றார் நஜ்முதீன். "உங்களுக்குத்தான் செரமம்."

வாசல்வரை வந்து செருப்பு மாட்டும்போது அவள் திரும்பி, "எனக்கு அந்த எலும்பு வேணும் பாய். வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து அந்தக் குகையைத் தேடறேன்" என்றாள். கோபமில்லை. ஆனால் சொல்லிவிட்டுத்தான் போனாள். நஜ்முதீனுக்கு அந்த வார்த்தை தைத்தது. அவரும் அதே குகையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு கல்யாணத்திலும், தணல் போட்ட சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து.

*

மழைக்காலம் முடிந்து பனி இறங்கும் நாளில் ஓவியாவிடமிருந்து வாட்சப்பில் ஒரு படம் வந்தது. நஜ்முதீன் அதை எடுத்துக்கொண்டு நேராக மர்யம் வீட்டுக்குப் போனார்.

மணல்மேடு. சுற்றிலும் கம்பி வேலி. வேலி கொஞ்சம் கோணல். அரசாங்க வேலி எந்த நாட்டிலும் கோணல்தான். முன்னால் ஒரு பலகை, அரபியிலும் இங்கிலீஷிலும். பின்னால் தூரத்தில் வெள்ளைக் குழி, விளிம்பில் ஒரு டம்பர் எறும்பளவு.

"பலகையில என்ன போட்டிருக்கு நானா?"

நஜ்முதீன் எழுத்துக் கூட்டிப் படித்தார். "தொன்மையான புதைவிடம். உள்ளே நுழைந்தால் தண்டனை."

"தொன்மைன்னா?"

"ரொம்பப் பழசு. நாலாயிரம் வருஷம்."

மர்யம் சிரித்தாள். இருபத்தாறு வயசில் நின்றுபோனவரை நாலாயிரம் வயசாக்கிவிட்டார்களே என்று சிரித்திருக்கலாம். சிரிப்பு அடங்கியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனைத் தன் பக்கம் திருப்பினாள். வரிசையாகக் கல். எல்லாம் ஒரே மாதிரிக் கல்.

"இதுல அவங்க எது?"

உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நஜ்முதீன் யோசிக்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. ஒரு விரலை நீட்டி ஒரு கபரின்மேல் வைத்தார். இன்னொரு விரல் தெரியாமல் கூடப் பட, படம் விரிந்து பெரிதாகியது. வேலியும் பலகையும் டம்பரும் ஓரத்துக்குப் போய் மறைந்தன. தலைமாட்டுக் கல்லும் கால்மாட்டுக் கல்லும் நடுவில் மணலும் மட்டும் திரை முழுக்க நின்றன.

பழையபடி சின்னதாக்க அவர் கையைக் கொண்டுபோனார்.

"இருக்கட்டும் நானா" என்றாள் மர்யம். "அப்படியே இருக்கட்டும்."